நேர்காணலைத் தமிழிலேயே கோடிங் செய்யுங்கள்

முதுகலை ஆய்வுக்காக, சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் தனியாக வாழும் தமிழ்ப் பாட்டிகள் 12 பேரிடம் பேசினேன். ஆய்வேடு ஆங்கிலத்தில்தானே என்று, பேச்சை எழுதியெடுத்த கையோடு மொழிபெயர்த்து, அதன்மேல் கோடிங் செய்தேன்; அதாவது, பேச்சின் ஒவ்வொரு பகுதிக்கும் அது என்ன சொல்கிறது என்று ஒரு சிறு குறி போட்டேன். அப்படிச் செய்யாதீர்கள்.

தேக்கா பக்கம் ஒரு பாட்டி, "எனக்கு என்ன குறை கண்ணு?" என்றார். மனநிறைவு என்று ஆங்கிலத்தில் குறி போட்டேன். ஒலிப்பதிவை மறுபடி கேட்டபோதுதான் கவனித்தேன்: "மகன் எப்போது வருவார்?" என்ற கேள்விக்கு, நீண்ட மௌனத்துக்குப் பிறகு வந்த பதில் அது. குறியை மாற்றினேன்: ‘மகனை விட்டுக்கொடுக்காமல் பேசுதல்’.

சரி, எப்படித் தொடங்குவது? முதலில் பேனாவை வைத்துவிட்டு ஒலிப்பதிவைக் கேட்டபடியே எழுத்துப்படியைப் படியுங்கள். மௌனம், சிரிப்பு, பெருமூச்சு எல்லாவற்றையும் அதில் சேருங்கள். அப்புறம் முதல் இரண்டு மூன்று நேர்காணல்களை வரிவரியாகக் குறியிடுங்கள். ‘மகன்’ என்று மட்டும் குறி போட்டால் அது வெறும் தலைப்பு. பேசுபவர் தன் பேச்சால் என்ன செய்கிறார் என்பதைக் குறி சொல்ல வேண்டும். பேசியவரின் சொல்லே அழுத்தமாக இருந்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு பாட்டி முழுக்கத் தமிழில் பேசிவிட்டு ஒரே இடத்தில் ‘லோன்லி’ என்றார். அதைத் ‘தனிமை’ என்று திருத்தியிருந்தால், ஏன் அந்த உணர்வுக்கு மட்டும் ஆங்கிலம் வந்தது என்று கேட்டிருக்கவே மாட்டேன்.

அடுத்தது ஒப்பீடு. சமூகவியலாளர்கள் கிளேசரும் ஸ்ட்ராஸும் 1967இல் விளக்கிய முறை இது. ஒரு குறியைப் புதிய பகுதிக்குப் போடும்போதெல்லாம், அதே குறி பெற்ற பழைய பகுதிகளை எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். "பிள்ளைக்கு வேலை ஜாஸ்தி" என்று மூன்று பேர் சொன்னார்கள். இருவர் மகனுக்காகப் பரிந்து பேசினார்கள்; ஒருவர் குரலில் கோபம். குறியை இரண்டாகப் பிரித்தேன். ஏன் பிரித்தேன் என்பதை அன்றே தேதி போட்டு நான்கு வரி எழுதி வைத்தேன். பின்னால் ஆய்வேட்டின் ஓர் அத்தியாயமே அந்த நான்கு வரியிலிருந்துதான் வளர்ந்தது.

குறிப்பட்டியலுக்கு எக்செல் போதும்: குறி, அதன் பொருள், எதைச் சேர்க்கலாம், எதைச் சேர்க்கக்கூடாது, ஓர் எடுத்துக்காட்டு. தமிழ் தெரிந்த நண்பரிடம், பெயர்களை நீக்கிவிட்டு, ஒரு நேர்காணலைக் கொடுத்துக் குறியிடச் சொல்லுங்கள். கருத்து வேறுபடும் இடங்களில் உட்கார்ந்து பேசுங்கள். பெரும்பாலும் குறியின் விளக்கம்தான் தெளிவில்லாமல் இருக்கும்.

மொழிபெயர்ப்பு கடைசியில், மேற்கோள்களுக்கு மட்டும். ‘விட்டுக்கொடுக்காமல்’ என்பதற்கு ஒற்றை ஆங்கிலச் சொல் கிடைக்கவில்லை. தமிழ்ச் சொல்லையே வைத்து, அடியில் இரண்டு வரி விளக்கம் எழுதினேன்.