புது ஷிஃப்ட் மேனேஜரோடு 'சப்போர்ட் த கேர்ள்ஸ்' பார்ப்பது எப்படி

டெக்சஸில் ஒரு ஸ்போர்ட்ஸ் பாரில் ஆறு வருடம் ஷிஃப்ட் மேனேஜராக இருந்தேன். இப்போது வேறொரு இடத்தில், அந்தப் பொறுப்புக்குப் புதிதாக வருகிறவர்களைப் பழக்கிவிடுவது என் வேலை. முதல் நாளே கையேட்டைத் தூக்கிக் கொடுப்பதில்லை. கூட்டம் இல்லாத ஒரு மத்தியானம் அவர்களை உட்காரவைத்து இந்தப் படத்தைப் போடுகிறேன். படம் ஒன்றரை மணி நேரம்தான்.

ஆண்ட்ரூ புஜால்ஸ்கி எழுதி இயக்கி 2018இல் வந்த படம் இது. டெக்சஸில் நெடுஞ்சாலை ஓரமாக 'டபுள் வாமீஸ்' என்று ஒரு பார். பெரிய திரைகளில் விளையாட்டு ஓடும், குட்டை உடையில் இளம்பெண்கள் பீர் பரிமாறுவார்கள். அதன் மேனேஜர் லீசாவின் ஒரு நாள்தான் படத்தின் பெரும்பகுதி. லீசாவாக நடித்த ரெஜினா ஹாலுக்கு நியூயார்க் திரை விமர்சகர் வட்டம் சிறந்த நடிகை விருது கொடுத்தது. அந்த விருதை வாங்கிய முதல் கறுப்பினப் பெண் அவர்தான்.

முதல் முறை நிறுத்தாமல் பாருங்கள். குறிப்பு எடுக்கவேண்டாம், பக்கத்தில் இருப்பவருக்கு விளக்கம் சொல்லவும் வேண்டாம். இரண்டாம் முறை ரிமோட்டைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நிறுத்தவேண்டியது தொடக்கத்திலேயே வருகிறது. வேலைக்கு வந்த லீசா காரிலேயே உட்கார்ந்து அழுகிறார். அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தபடி இறங்குகிறார். புதியவர்களிடம் நான் சொல்வது: ஷிஃப்டுக்கு இருபது நிமிடம் முன்னால் வந்துவிடுங்கள், அந்த நேரம் முழுக்க உங்களுடையது. உள்ளே போய்விட்டால் அழுவதற்குச் சாமான் வைக்கும் குளிர் அறை மட்டும்தான் மிச்சம், அதுவும் பரிமாறும் பெண்களுக்கு வேண்டியிருக்கும்.

அடுத்தது, ஒரு வாடிக்கையாளர் பரிமாறும் பெண்ணை இழிவாகப் பேச, லீசா அவரை வெளியே அனுப்பும் இடம். இங்கேதான் நான் அதிக நேரம் எடுத்துக்கொள்வேன். படத்தில் அது சட்டென்று முடிந்துவிடுகிறது. நிஜத்தில் அதற்கு முன்னும் பின்னும் செய்யவேண்டியது நிறைய.

"பதினாலாம் டேபிள் ஆள் கை வைக்கிறான்" என்று ஒரு பெண் வந்து சொன்னால், "நீ என்ன சொன்னே?" என்று ஒருபோதும் கேட்காதீர்கள். அந்த நொடியிலேயே டேபிளை அவளிடமிருந்து எடுத்துவிடுங்கள். ஆனால் அதோடு விட்டால் அவளைத் தண்டித்ததாகிவிடும். டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு முதலாளி கையிலிருந்து தரவேண்டிய குறைந்தபட்ச ஊதியம் கூட்டாட்சிச் சட்டப்படி மணிக்கு 2.13 டாலர். 1991இலிருந்து அதே தொகைதான், டெக்சஸிலும் அதேதான். வீட்டு வாடகை டிப்ஸில்தான் போகிறது. டேபிள் போனால் அன்றைய வருமானத்தில் ஒரு பங்கு போய்விடும். அதனால் அடுத்து வரும் பெரிய கூட்டத்தை, எட்டுப் பேரோ பத்துப் பேரோ, அவள் பரிமாறும் செக்‌ஷனில் உட்காரவையுங்கள். ஏன் என்று மற்றவர்களுக்கும் வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

நான் இதைத் தாமதமாகத்தான் கற்றுக்கொண்டேன். என் பழைய பாரில் முதலாளியின் நண்பர் ஒருவர் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வருவார், நாற்பது டாலர் டிப்ஸ் வைப்பார். அவருக்குப் பரிமாறிய பெண் ஒரு மாதம் வாயே திறக்கவில்லை. வேலையை விட்டுப் போகும் நாளில்தான் என்னிடம் சொன்னாள். "சொன்னால் டேபிளை எடுத்துவிடுவீர்கள் என்று தெரியும்" என்றாள். அவள் சொன்னது சரி. எடுத்திருப்பேன், பதிலுக்கு எதுவும் கொடுத்திருக்க மாட்டேன்.

அப்புறம் அந்த டேபிளுக்குப் போங்கள். தனியாகப் போகாதீர்கள், சமையலறையிலிருந்து ஒருவர் நாலடி தள்ளி நிற்கட்டும். அந்த ஆளுக்கு நேர் எதிரே நிற்காமல் பக்கவாட்டில் நில்லுங்கள். பில்லைக் கையோடு கொண்டுபோய் வைத்து, "இன்றைக்கு இங்கே உங்களுக்குப் பரிமாற முடியாது, இதை முடித்துக்கொள்ளலாம்" என்று சொன்னால் போதும். என்ன செய்தார் என்று விவாதிக்கத் தொடங்கினால் அரைமணி நேரம் போய்விடும், சுற்றிலும் போன்கள் வீடியோ எடுக்கத் தொடங்கும். குடித்திருந்தால் வண்டிச் சாவியைக் கவனியுங்கள், வாடகைக் கார் வரும்வரை வாசலில் கூடவே நில்லுங்கள். போதையில் இருப்பவருக்கு மது விற்பது டெக்சஸில் குற்றம், எங்கள் எல்லாருடைய விற்பனையாளர் சான்றிதழ் வகுப்பிலும் அழுத்திச் சொல்லும் பாடம் அது.

கடைசியாக, தேதி, நேரம், டேபிள் எண், அவர் சொன்ன சொற்கள், யார் பார்த்தார்கள் என்பதை அன்றிரவே எழுதிவையுங்கள். வாடிக்கையாளர் தொல்லை கொடுப்பது தெரிந்தும் சும்மா இருந்தால் பொறுப்பு நிறுவனத்தின் மேல் விழும். 2021 செப்டம்பர் முதல் தேதியிலிருந்து டெக்சஸின் பாலியல் தொல்லைச் சட்டம் ஒரே ஒரு ஊழியரை வைத்திருப்பவரையும் கட்டுப்படுத்துகிறது. "எங்களுடையது சின்னக் கடை" என்ற சமாதானம் செல்லாது.

மூன்றாவது நிறுத்தம் ஷிஃப்ட் அட்டவணை. ஒரே ஷிஃப்டில் ஒன்றுக்கு மேல் கறுப்பினப் பெண்கள் வேண்டாம் என்பது முதலாளி கப்பியின் விதி. லீசாவும் கறுப்பினப் பெண்தான். அவர் அதைச் சகித்துக்கொண்டு வேலையை ஓட்டுகிறார். இங்கே நிறுத்திவிட்டுப் புதியவரிடம், "நீ என்ன செய்வாய்?" என்று கேட்பேன். பெரும்பாலோர் மௌனமாகிவிடுவார்கள். என் பதில்: அந்த விதியை எழுத்தில் தரச் சொல்லுங்கள். இன்னாருக்கு இந்த ஷிஃப்ட் என்று இனம் பார்த்துப் பிரிப்பதை 1964ஆம் ஆண்டுக் குடிமை உரிமைச் சட்டம் தடுக்கிறது, எழுதிக் கொடுக்க யாருக்கும் துணிவு வராது. எழுதித் தராத விதியைப் பின்பற்றவேண்டியதில்லை. இதில் லீசாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அவர் வழியில் போகாதீர்கள்.

அட்டவணையைப் பற்றி இன்னொன்று. ஷேய்னா மெக்ஹேல் நடித்திருக்கும் டானியெல் என்ற பரிமாறும் பெண் தன் மகனை வேலை இடத்துக்கே கூட்டிவருகிறாள். தாய்மார்கள் இருக்கும் ஷிஃப்டில் இது நடக்கும். அட்டவணையை இரண்டு வாரம் முன்னால் ஒட்டிவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். மாற்றிக்கொள்ள ஒரு தாளும் பேனாவும் பக்கத்திலேயே தொங்கட்டும்.

குத்துச்சண்டை ஒளிபரப்பு நாளில் டிவி கேபிள் படுத்துவிடும் காட்சிக்கு ஒரு நிமிடம் போதும்: இணைய வழியில் இன்னொரு இணைப்பு, சேவை எண் சுவரில்.

கார் கழுவிப் பணம் திரட்டும் காட்சியில்தான் லீசாவோடு எனக்குக் கருத்து வேறுபாடு. தன்னை அடித்த காதலன்மேல் காரை ஏற்றிவிட்ட ஒரு பெண்ணின் வழக்குச் செலவுக்காக லீசா முதலாளிக்குத் தெரியாமல் இதை நடத்துகிறார். அந்த மனசு எனக்குப் பிடிக்கும், ஒவ்வொரு முறையும் தொண்டை அடைக்கும். இருந்தாலும் மறைத்துச் செய்த உதவி கடைசியில் உதவியவரையே மாட்டிவிடும். பணம் திரட்டுவதானால் முதலாளியிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள், இரண்டு பேர் எண்ணட்டும், கல்லாப் பணத்தோடு கலக்கவே கூடாது. பெண்களின் டிப்ஸில் மேனேஜர் கை வைக்கக்கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுவேன். அது 2018இலிருந்து சட்டமும்கூட.

லீசா வேலையிலிருந்து போன பிறகு வரும் பகுதிக்கு முன்னால் படத்தை நிறுத்தி, புதியவர் கையில் ஒரு நோட்டுப்புத்தகம் கொடுப்பேன். லீசாவுக்கு யார் வீட்டில் என்ன கஷ்டம், எந்த வாடிக்கையாளர் எப்படி என்று எல்லாம் தெரியும், ஆனால் அத்தனையும் அவர் தலைக்குள்ளேயே இருந்தது. அவர் வெளியேறியதும் அந்த இடம் எப்படிச் சரிகிறது என்று பார்த்துக்கொண்டே, தனக்கு மட்டும் தெரிந்த பத்து விஷயங்களை எழுதச் சொல்வேன்.

மொட்டை மாடியில் லீசாவும் அவரோடு வேலைசெய்த இரண்டு பெண்களும் கத்தும் கடைசிக் காட்சியில் நான் பேசுவதில்லை. படம் முடிந்து எழுத்துகள் ஓடித் தீர்ந்த பிறகுதான் விளக்கைப் போடுவேன்.

போன மாதம் சேர்ந்த பெண் தன் நோட்டில் முதலில் எழுதியது: "பின் செக்‌ஷன் பெண்ணின் மகன் புதன்கிழமை மூன்று மணிக்குப் பள்ளி விட்டு வருவான். அன்றைக்கு அவளை இரண்டரைக்கு அனுப்பவேண்டும்." அந்தத் தாளைக் கிழித்து அட்டவணைக்குப் பக்கத்தில் ஒட்டினோம். இன்னும் அங்கேதான் இருக்கிறது.