உயிர்த்தெழுதலையும் பரமேறுதலையும் வேதபாட வகுப்பில் எடுத்து நடத்துவது எப்படி?

ஈஸ்டர் ஞாயிறன்று வெறுமையான கல்லறையைப் பற்றிய பிரசங்கத்தைக் கேட்பதோடு அந்த ஆண்டுக்கான உயிர்த்தெழுதல் பாடம் முடிந்துவிட்டதாக நாம் எண்ணிக்கொள்கிறோம். அதிலிருந்து நாற்பதாம் நாளில், இயேசு பரலோகத்துக்கு எடுத்துக்கொள்ளப்பட்டதை நினைவுகூரும் பரமேறுதல் திருநாள் வியாழக்கிழமையில் வருவதால், அது பெரும்பாலோருக்கு ஆராதனை அட்டவணையில் ஒரு வரியாகவே கடந்துபோகிறது. ஆனால் விசுவாசப் பிரமாணம் இவ்விரண்டையும் அடுத்தடுத்து வைத்தே அறிக்கையிடச் சொல்கிறது. ஆகவே வேதபாட வகுப்பு நடத்துகிறவர், இடைப்பட்ட வாரங்களைப் பயன்படுத்தி, இரண்டையும் ஒரே தொடராக எடுத்து நடத்துவதே முறை.

முதல் வகுப்பைச் சுவிசேஷங்களிலிருந்து தொடங்க வேண்டாம். 1 கொரிந்தியர் 15ஆம் அதிகாரத்திலிருந்து தொடங்குங்கள். ஏறத்தாழ கி.பி. 55ஐ ஒட்டி எழுதப்பட்ட அந்த நிருபம், நான்கு சுவிசேஷங்களுக்கும் முற்பட்டது என்பதே பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. தான் பிறரிடமிருந்து பெற்றுக்கொண்டதையே ஒப்புவித்ததாகச் சொல்லும் பவுல், கேபா (பேதுரு), பன்னிருவர், ஐந்நூறுக்கும் மேற்பட்ட சகோதரர், யாக்கோபு, அப்போஸ்தலர் எல்லாரும், கடைசியாகத் தான் என்று, உயிர்த்தெழுந்த கிறிஸ்துவைக் கண்டவர்களை வரிசைப்படுத்துகிறார். அந்த ஐந்நூறு பேரில் அநேகர் இன்னும் உயிரோடிருக்கிறார்கள் என்று அவர் சேர்த்துச் சொல்வதை வகுப்பில் நிறுத்தி வாசியுங்கள். கேட்டுப் பார்க்க விரும்புகிறவன் போய்க் கேட்கலாம் என்ற தொனி அதில் இருக்கிறது.

அடுத்த வகுப்பில் நான்கு சுவிசேஷங்களுக்கும் வருவீர்கள். கரும்பலகையில் நான்கு பத்திகள் வரைந்து, கல்லறைக்கு வந்தவர்கள் யார், அங்கே கண்டது யாரை, இயேசு தரிசனமானது எங்கே என்று மூன்று கேள்விகளுக்கு வகுப்பாரையே விடை எழுதச் சொல்லுங்கள். மாற்கு மகதலேனா மரியாளோடு யாக்கோபின் தாயாகிய மரியாளையும் சலோமேயையும் குறிப்பிடுகிறார். லூக்காவில் யோவன்னாளின் பெயர் வருகிறது. யோவான் மகதலேனா மரியாளை மட்டுமே பெயர் சொல்லிக் காட்டுகிறார். மத்தேயுவில் கல்லின்மேல் உட்கார்ந்த ஒரு தூதன், லூக்காவில் பிரகாசமான வஸ்திரம் தரித்த இருவர். மத்தேயு சீஷரைக் கலிலேயாவுக்கு அழைத்துச் செல்ல, லூக்கா எருசலேமையும் அதன் சுற்றுப்புறத்தையும் விட்டு நகர்வதே இல்லை. இந்த வேறுபாடுகளை அவசரப்பட்டு ஒட்டுப்போட்டு மறைக்க முயலாதீர்கள். ஒருவர் சொல்லிக்கொடுத்ததை நால்வரும் ஒப்பித்திருந்தால் பலகை இப்படி இருந்திராது என்பதை வகுப்பார் தாங்களே கண்டுகொள்வார்கள். மாற்கு 16:8க்குப் பின்வரும் வசனங்கள் நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகளாகிய சீனாய், வத்திக்கான் ஏடுகளில் இல்லை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். பின்னால் வேறெங்கோ கேள்விப்பட்டுத் தடுமாறுவதைவிட வகுப்பிலேயே அறிந்துகொள்வது நல்லது.

மூன்றாம் வகுப்புக்குத்தான் நேரத்தைத் தாராளமாக ஒதுக்க வேண்டும். உயிர்த்தெழுதல் என்றால் செத்த உடல் பழையபடி மூச்சுவிடுவது என்றே பலரும் நினைத்திருப்பார்கள். இதைத் தெளிவுபடுத்த நீண்ட விளக்கம் தேவையில்லை. யோவான் 11:44ஐயும் 20:5-7ஐயும் அடுத்தடுத்து வாசித்தால் போதும். இயேசு மரணத்திலிருந்து எழுப்பிய லாசரு கல்லறையைவிட்டு வெளியே வரும்போது கைகால்கள் பிரேதச் சீலைகளால் கட்டப்பட்டிருக்கின்றன, முகமும் சுற்றப்பட்டிருக்கிறது. கட்டை அவிழ்த்துவிட மற்றவர்கள் வேண்டியிருக்கிறார்கள். இயேசுவின் கல்லறையிலோ சீலைகள் அங்கேயே கிடக்கின்றன, தலையில் சுற்றியிருந்த சீலை தனியே ஓரிடத்தில் சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது. லாசருவும், யவீருவின் மகளும், நாயீன் ஊர் விதவையின் மகனும் திரும்பப் பெற்றது மறுபடியும் மரிக்கக்கூடிய வாழ்வு. கிறிஸ்துவுக்கோ சாவு இனி இல்லை என்பது ரோமர் 6:9. அதே வேளையில் இது ஆவியின் தோற்றமும் அல்ல. சீஷர் கொடுத்த பொரித்த மீனை அவர் அவர்கள் முன்பாகவே புசித்தார், தோமாவுக்குக் காயங்களைக் காட்டினார். பூட்டிய கதவுகளுக்குள் வந்து நின்றவரும் அவர்தாம். இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டால், நித்திரையடைந்தவர்களில் அவர் முதற்பலனானார் என்ற பவுலின் சொல் விளங்கும்: அறுவடையின் முதற்கட்டு எந்தப் பயிரோ, பின்வரும் கட்டுகளும் அதே பயிர்தான். விசுவாசிகளின் உயிர்த்தெழுதலைப் பற்றிய நம்பிக்கை முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது.

அடுத்த வகுப்பு பரமேறுதலுக்கு. அதை லூக்காவே இரண்டு முறை எழுதியிருக்கிறார். சுவிசேஷத்தின் முடிவில் அது பெத்தானியாவுக்கு அருகே, ஒரே நாளில் எல்லாம் நடந்ததுபோல் சுருக்கமாக வருகிறது. அப்போஸ்தலர் 1ஆம் அதிகாரத்தில் நாற்பது நாள் இடைவெளியும் ஒலிவமலையும் சொல்லப்படுகின்றன. பெத்தானியா அம்மலையின் கிழக்குச் சரிவில் இருக்கும் ஊர் என்பதால் இடத்தைப் பற்றிய குழப்பம் எழாது. பரலோகம் மேகத்துக்கு மேலேயா இருக்கிறது என்று வகுப்பில் ஒரு பிள்ளையாவது கேட்கும். கேட்காவிட்டால் நீங்களே கேளுங்கள். ஆசரிப்புக் கூடாரத்தை மூடியதும், சாலொமோனின் ஆலயத்தை நிரப்பியதும், மறுரூப மலையில் நிழலிட்டதும் மேகமே. வேதாகமத்தில் அது தேவ சமுகத்தின் அடையாளம். வானியல் தூரத்தை அளக்க அங்கே இடமில்லை.

தீர்க்கதரிசி எலியா பரலோகத்துக்கு எடுத்துக்கொள்ளப்பட்டபோது அவனைப் பின்பற்றிய எலிசா தன் வஸ்திரத்தைக் கிழித்தான். இயேசு எடுத்துக்கொள்ளப்பட்டபோது சீஷர்கள் மிகுந்த சந்தோஷத்தோடே எருசலேமுக்குத் திரும்பினார்கள். பிரிந்துபோனவரை எண்ணி ஏன் அவர்கள் அழவில்லை என்று கேட்டு, விடை வர நேரம் கொடுங்கள். பிறகு சங்கீதம் 110:1, ரோமர் 8:34, எபிரெயர் 7:25 ஆகிய மூன்றையும் வாசிக்கச் செய்யுங்கள்: அவர் பிதாவின் வலதுபாரிசத்தில் ஆளுகை செய்கிறார், நமக்காக வேண்டுதலும் செய்கிறார். அறையப்பட்ட அதே சரீரத்தோடு போனவர் அங்கே இருக்கிறார் என்பதால்தான் மூன்றாம் வகுப்பை முடிக்காமல் இதற்கு வர முடியாது.

கத்தோலிக்க நண்பர்கள் வகுப்பில் இருந்தால், 1950இல் பன்னிரண்டாம் பயஸ் விசுவாசக் கோட்பாடாக அறிவித்த மரியாவின் விண்ணேற்பு இதனின்று வேறானது என்பதை ஒரு வரியில் சொல்லிவிட்டு மேலே செல்லலாம். அப்போஸ்தலர் 2:32-33ஐ மட்டும் இப்போது தொடாதீர்கள். தேவன் இயேசுவை எழுப்பியதையும், வலதுகரத்தினால் உயர்த்தியதையும், ஆவியானவர் பொழியப்பட்டதையும் பேதுரு அங்கே ஒரே மூச்சில் பேசுவதால், அதைப் பெந்தெகொஸ்தே வாரத்து வகுப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்.