பழைய ராக் பேண்டை எந்த ஃபோல்டர்ல போடறது?

பழைய ராக் பேண்டு எந்த ஜானர்னு, அதாவது எந்த வகை இசைன்னு முடிவு பண்ணணும்னா பேண்டு பேரைப் பார்க்காதீங்க, அந்த ஆல்பம் முதல்ல வந்த வருஷத்தைப் பாருங்க. பர்லியார் தாண்டி குன்னூர் ஏறுறப்ப சிக்னல் விட்டு விட்டுதான் வரும்னு பென்டிரைவ்ல பாட்டு ஏத்தி வைக்கிறவங்களுக்கு ஃபோல்டர் பிரிக்கிற வேலை சட்டுனு முடிஞ்சிரும்.

ஏன்னா இந்த பேண்டுங்க ஒரே இடத்துல நின்னதே இல்ல. ஃப்ளீட்வுட் மேக் எடுத்துக்கோங்க, 1968ல பீட்டர் கிரீன் கிடாரோட வந்தது பக்கா ப்ளூஸ், அதே பேர்ல 1977ல வந்த ரூமர்ஸ் ஆல்பம் கேட்டா சாஃப்ட் ராக், நடுவுல பாடுறவங்க கிடார் வாசிக்கிறவங்க எல்லாம் மாறிட்டாங்க, ட்ரம்ஸ் மிக் ஃப்ளீட்வுட்டும் பேஸ் ஜான் மெக்வீயும்தான் அப்படியே இருந்தாங்க. பிங்க் ஃப்ளாய்டும் அப்படித்தான், 1967ல சைக்கடெலிக் (கனவுல மிதக்கிற மாதிரி விநோத சத்தம்), 1973க்கு வந்தா ப்ரோக்ரெஸிவ் (நீளமா, சிக்கலா பின்னின ராக்).

ஏசி டிசி பேண்டுக்கு இந்த வருஷக் கணக்கெல்லாம் தேவையே இல்ல, எந்த வருஷத்து ஆல்பம் எடுத்தாலும் ஹார்ட் ராக்தான் (எனக்கு அதுல ஒரு குறையும் இல்ல). குவீன் கிட்டயும் இது வேலைக்கு ஆகாது, 1975 ஆல்பம் ஒண்ணுலயே ஹார்ட் ராக், ஓபெரா, பழைய காலத்து மேடைப்பாட்டு ஸ்டைல்னு எல்லாம் கலந்து கிடக்கும், பேசாம வெறும் ராக்னு போட்டுட்டுப் போயிடலாம். அப்புறம் ஹிட்ஸ் தொகுப்பு, ரீமாஸ்டர் (பழைய ரெக்கார்டிங்கோட ஒலியை மெருகேத்தி மறுபடி விட்டது) ஃபைல்ல எல்லாம் மறுபடி வெளியிட்ட வருஷம்தான் பெரும்பாலும் காட்டும், அதை நம்பாம ஒரிஜினல் வருஷத்தைத் தேடிப் பார்த்துட்டு போடுங்க.