8085-இல் ஒரு கட்டளையின் முகவரி முறையைக் கண்டறிவது எப்படி?

ஒரு கட்டளைக்கு வேண்டிய தரவு எங்கே இருக்கிறது என்பதைச் செயலிக்குத் தெரிவிக்கும் வழியே முகவரி முறை எனப்படுகிறது. இன்டெல் 1976-இல் வெளியிட்ட 8085 நுண்செயலியில் இம்முறைகள் ஐந்துதான் என்பதால், பழகுவதற்கு அது ஏற்றது. பெயர்களை மனப்பாடம் செய்வதைக் காட்டிலும், தரவு கைக்கு வந்து சேரும்வரை செயலி எத்தனை தடவை நினைவகத்தை நாடுகிறது என்று எண்ணிப் பார்ப்பதே பயன் தரும்.

எளியவற்றை முதலில் ஒதுக்கிவிடலாம். சிஎம்ஏ என்ற கட்டளை, செயலிக்குள் கணக்கின் விடை சேரும் இடமான திரட்டியில் உள்ள பிட்டுகளைத்தான் புரட்டும் என்பது அதன் பெயரிலேயே அடங்கியிருப்பதால், அது உள்ளார்ந்த முறை. 'மூவ் ஏ, பி' (பி-யில் உள்ளதை ஏ என்ற திரட்டிக்குப் படியெடு) என்பதில் தரவு பதிவகத்திலேயே, அதாவது செயலிக்குள் இருக்கும் சிறு சேமிப்பிடத்திலேயே இருப்பதால் அது பதிவக முறை; கட்டளையை எடுத்துவர ஒரே ஒரு நடை, 4 கடிகாரத் துடிப்புகளில் வேலை முடிந்துவிடும்.

மாணவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது உடனடி முறைக்கும் நேரடி முறைக்கும் இடையில்தான். 'எல்எக்ஸ்ஐ எச், 2050', 'எல்ஹெச்எல்டி 2050' ஆகிய இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள்; இரண்டுமே எச், எல் என்ற இரு பதிவகங்கள் சேர்ந்த எச்எல் இணையை நிரப்புபவை, எண்கள் பதினாறடிமானத்தில் உள்ளவை. நினைவகத்தில் முன்னது 21 50 20 என்றும், பின்னது 2ஏ 50 20 என்றும் அமர்ந்திருக்கும்; முதல் பைட் கட்டளையின் குறியீடு, மற்ற இரண்டும் 2050 (கீழ்ப் பைட் முதலில் வருவது இன்டெல் வழக்கம், கையால் குறியீடு எழுதுபவர்கள் தவறுவது இங்கேதான்). இரண்டுமே மூன்று பைட்டுகள். ஆனால் முன்னதில் 2050 என்பதே தரவு. அது அப்படியே எச்எல் இணைக்குள் போய்விடுகிறது, 10 துடிப்புகள் போதும். பின்னதில் 2050 வெறும் விலாசம். செயலி 2050-க்கும் 2051-க்கும் போய், அங்கிருக்கும் இரண்டு பைட்டுகளை எடுத்து வர வேண்டியிருப்பதால் 16 துடிப்புகள் ஆகின்றன. கூடுதலான அந்த 6 துடிப்புகளே முன்னது உடனடி முறை, பின்னது நேரடி முறை என்பதற்குச் சான்று.

'மூவ் ஏ, எம்' என்பதில் உள்ள எம் ஒரு பதிவகம் அன்று. எச்எல் சுட்டும் நினைவக இடம். விலாசம் கட்டளையில் இல்லாமல் பதிவகத்தில் இருப்பதால் இது பதிவக மறைமுக முறை. 2050-இல் உள்ள பைட்டைத் திரட்டிக்கு எடுக்கும் எல்டிஏ 2050 என்ற நேரடிக் கட்டளைக்கு 3 பைட்டுகளும் 13 துடிப்புகளும் ஆகும்; இதற்கு 1 பைட்டும் 7 துடிப்புகளும் போதும். ஆனால் எச்எல்லை முன்கூட்டியே நிரப்பும் செலவு தனி என்பதால், ஒரே ஒரு எண்ணை எடுக்க இதை நாடுவதில் லாபமில்லை.

அடுத்தடுத்து இருக்கும் பத்து எண்களைக் கூட்டும்போதுதான் இதன் அருமை தெரியும். எல்டிஏயில் விலாசம் கட்டளைக்குள்ளேயே பதிந்திருப்பதால், பத்து எண்களுக்கும் பத்துக் கட்டளைகளைத் தனித்தனியே எழுத வேண்டும். மறைமுக முறையிலோ 'ஆட் எம்' (எம்-ஐத் திரட்டியோடு கூட்டு), 'ஐஎன்எக்ஸ் எச்' (எச்எல்லை ஒன்று கூட்டு), 'டிசிஆர் சி' (சி-யில் உள்ள எண்ணிக்கையை ஒன்று குறை), 'ஜேஎன்இசட்' (அது சுழியாகாவிட்டால் தொடக்கத்துக்குத் திரும்பு) என்ற நான்கு வரிச் சுழற்சி போதும். விடை சுழியா என்பது போன்றவற்றைக் குறித்துவைக்கும் பிட்டுகளான கொடிகளைப் பார்த்தே ஜேஎன்இசட் முடிவெடுக்கிறது; ஐஎன்எக்ஸ் எந்தக் கொடியையும் மாற்றாது என்பதால், அதை டிசிஆருக்கு முன்னாலோ பின்னாலோ எங்கே வைத்தாலும் சுழற்சி சரியாக நிற்கும்.