அப்பா காட்டுக்குப் போனால் ‘பாரஸ்ட்’ ஆகாது: ஆங்கிலப் பேச்சுத் தேர்வின் வேடிக்கைத் தவறுகளும் திருத்தும் வழியும்

கோபிசெட்டிபாளையம் பக்கத்துத் தோட்டத்துச் சாளையிலிருந்து (தோட்டத்து வீட்டிலிருந்து) ஆங்கிலப் பேச்சுத் தேர்வுக்குப் பயிற்சி பெற வந்த மாணவர் ஒருவரிடம், ஒத்திகையின்போது அவருடைய குடும்பத்தைப் பற்றிக் கேட்டேன். தம் தந்தை விடிந்ததும் ‘பாரஸ்ட்’ சென்றுவிட்டு இருட்டிய பிறகே திரும்புவார் என்றும், தங்கள் வீடு பத்து ஏக்கர் ‘கார்டன்’ நடுவே இருக்கிறது என்றும் அவர் தயங்காமல் சொன்னார். தந்தை வனத்துறை அலுவலரா என்று கேட்டேன். இல்லை, ‘பார்மர்’ என்றார். வெளியூர்த் தேர்வாளர் இதைக் கேட்டிருந்தால், மாளிகைத் தோட்டத்தில் வாழ்ந்துகொண்டு நாள்தோறும் காட்டுக்குள் மறையும் விந்தையான விவசாயி ஒருவரைக் கற்பனை செய்திருப்பார். பக்கத்துச் சத்தியமங்கலத்தில் 2013 முதல் புலிகள் காப்பகமே இருப்பதால் அவருடைய ஐயம் இன்னும் வலுத்திருக்கும்.

இத்தனைக்கும் அந்த மாணவரிடம் இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லை. கொங்கு நாட்டில் காடு என்றால் மானாவாரி நிலம். தோட்டம் என்றால் கிணற்றுப் பாசனம் உள்ள நிலம். அந்த இரண்டு சொற்களுக்கும் அகராதியில் முதலில் நிற்கும் பொருளை எடுத்துப் போட்டதுதான் அவர் செய்த தவறு. இரண்டுக்கும் ‘பார்ம்’ என்ற ஒரே சொல் போதும். நான் கேட்ட வேடிக்கைத் தவறுகளில் பெரும்பாலானவை இத்தகையவை: அடியில் சரியான தமிழ் வாக்கியம் ஒன்று இருக்கும். ஆகவே முதல் வேலையாக ஒரு நோட்டை எடுத்து, சிரிப்பை வரவழைத்த உங்கள் ஆங்கில வாக்கியத்தை இடப்பக்கமும், அதைச் சொல்லும்போது மனத்தில் ஓடிய தமிழ் வாக்கியத்தை வலப்பக்கமும் எழுதுங்கள். தவறு எங்கே பிறந்தது என்பது வலப்பக்கத்தில் தெரிந்துவிடும்.

திருப்பூர் மாணவர்களின் நோட்டில் தவறாமல் இடம்பெறுவது பனியன். ‘மை பாதர் ஹேஸ் எ பனியன் கம்பெனி’ என்றால், வெளிநாட்டவர் காதில் ஆலமரம்தான் விழும். ஆலமரத்துக்கு ஆங்கிலத்தில் அதே ஒலியுடைய பெயர் இருக்கிறது. ‘நிட்வேர்’ என்று சொன்னால் தீர்ந்தது. பெட்ரோல் பங்கை ‘பெட்ரோல் ஸ்டேஷன்’ ஆக்குங்கள். ‘பங்க்’ அவர்களுக்குப் படுக்கை. பெரியப்பாவை ‘பிக் பாதர்’ என்றும் சித்தியை ‘ஸ்மால் மதர்’ என்றும் மொழிபெயர்ப்பது இன்னும் நடக்கிறது. அப்பாருக்கும் (அப்பாவின் அப்பா) அப்புச்சிக்கும் (அம்மாவின் அப்பா) ஆங்கிலத்தில் ஒரே சொல்தான் என்று அறியும்போது நம் பிள்ளைகள் அடையும் ஏமாற்றம் நியாயமானது. வேறுபாடு கட்டாயம் வேண்டுமென்றால் ‘மை மதர்ஸ் பாதர்’ என்று பிரித்துச் சொல்லலாம்.

இலக்கணத்தில் நான்கு இடங்களை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். ‘ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்’ என்பது, உடன்பிறந்தோர் இருவரைச் சாப்பிட்டுக்கொண்டிருப்பதைப் போல ஒலிக்கக்கூடும். ‘ஐ ஹேவ்’ போதும். அம்மாவை மரியாதையாக ‘அவங்க’ என்று சொல்லிப் பழகியவர்கள் ‘தே’ என்று தொடர்ந்தால், தேர்வாளர் எத்தனை அம்மா என்று எண்ணத் தொடங்குவார். ஆங்கிலத்தில் மரியாதை பன்மையில் இல்லை. மூன்றாவது, கறவை மாட்டைப் பற்றியது. ‘ஐ மில்க் தி கவ், மை மதர் ஆல்சோ’ என்று ஒரு பெண் சொன்னபோது வகுப்பே சிரித்தது. தமிழில் ‘அம்மாவும்’ என்பதற்கும் ‘அம்மாவையும்’ என்பதற்கும் இடையே ‘ஐ’ உருபு வேலி போட்டுக் காக்கிறது. ஆங்கிலத்தில் அந்த வேலி இல்லாததால், ‘அண்ட் சோ டஸ் மை மதர்’ என்று முழுதாகச் சொல்லியாக வேண்டும். நான்காவது, எதிர்மறைக் கேள்வி. ‘யூ டோன்ட் டிரிங்க் காபி?’ என்று கேட்டால், ‘ஆமாம், குடிப்பதில்லை’ என்று நினைத்து ‘எஸ்’ என்கிறோம். அவர்கள் வழக்கில் அதற்கு ‘நோ, ஐ டோன்ட்’ என்பதே விடை.

ஒலிப்பில் வரும் வேடிக்கைகளுக்கும் தமிழே காரணம் என்பதை இலக்கணமே விளக்கிவிடும். சீனாபுரத்துக்காரர் என்று நம் பக்கத்தில் உரிமை கொண்டாடப்படும் பவணந்தி முனிவர், தமிழ்ச் சொல்லின் ஈற்றில் வரும் எழுத்துகளை 24 என்று நன்னூலில் வரையறுத்தார்: 12 உயிர், 11 மெய், குற்றியலுகரம். அந்த 11 மெய்களில் வல்லினம் ஒன்றுகூட இல்லை. அதனால்தான் நம் வாய் ‘புக்’ என்று நிறுத்த மறுத்து ‘புக்கு’ என்றும், ‘கப்’ என்பதைக் ‘கப்பு’ என்றும் முடிக்கிறது. இதற்கு மருந்தும் தமிழிலேயே இருக்கிறது. உடல்மேல் உயிர் வந்து ஒன்றும் புணர்ச்சியை, அதாவது மெய்யில் முடியும் சொல்லோடு உயிரில் தொடங்கும் சொல் சேர்வதை, ஆங்கிலத்திலும் பயன்படுத்தி, ‘பிக் இட் அப்’ என்பதைப் ‘பிக்கிட்டப்’ என்று ஒரே மூச்சில் சொல்லிப் பாருங்கள். இடையில் உகரம் நுழைய வழியே இருக்காது. கடைசிச் சொல்லில் மட்டும் உதட்டையோ நாக்கையோ ஒட்டியபடி நிறுத்தப் பழக வேண்டும்.

மாலையில் பேக்கரிக்குப் போய் டீயும் ‘ஸ்நேக்ஸும்’ சாப்பிடுவதாகச் சொல்லாத மாணவர் அரிது. கேட்பவருக்கு அது பாம்பு. வாயை ‘ஆ’ சொல்வதைப் போல அகலமாகத் திறந்துகொண்டு ‘எ’ சொல்ல முயன்றால், தேவையான உயிரொலிக்குப் பக்கத்தில் வந்துவிடுவீர்கள்.

தேர்வு எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் பதற்றத்தில் வரும் தவறுகள் குறையும். வெளிநாட்டில் படிக்கவோ குடியேறவோ விரும்புவோர் எழுதும் ஐயெல்ட்ஸ் என்னும் ஆங்கிலத் திறன் தேர்வில், பேச்சுத் தேர்வு 11 முதல் 14 நிமிடம் வரை, மூன்று பகுதிகளாக நடக்கிறது. முதற்பகுதியில் உங்களைப் பற்றிய எளிய கேள்விகள் வரும். இரண்டாவதில் ஒரு தலைப்பு அட்டை தந்து, குறிப்பெடுக்க ஒரு நிமிடமும் பேச ஒன்று முதல் இரண்டு நிமிடமும் கொடுப்பார்கள். மூன்றாவதில் அதையொட்டிய பொதுவான கேள்விகளைப் பற்றி உரையாட வேண்டும். தடையின்றிக் கோவையாகப் பேசுதல், சொல்வளம், இலக்கணம், ஒலிப்பு என்னும் நான்குக்கும் மதிப்பெண்ணில் சம எடை உண்டு. வெள்ளைக்காரரைப் போலப் பேசுவதற்கெனத் தனி மதிப்பெண் கிடையாது. மூக்கால் பேசிக் காட்டும் வழக்கத்தை விட்டுவிடுவது நல்லது, ஏனெனில் இரண்டாவது நிமிடத்திலேயே மூக்கு களைத்துப்போய்ப் பழைய குரல் திரும்பிவிடுகிறது.

அந்த இரண்டாம் பகுதியில்தான் பழைய மாட்டுக் கதை உயிர் பெறுகிறது. மாட்டைப் பற்றி மட்டும் கட்டுரை நெட்டுருப் போட்டவன், தென்னையைப் பற்றிக் கேட்டபோது மாட்டைக் கொண்டுபோய்த் தென்னையில் கட்டினான் அல்லவா? பொங்கலைப் பற்றி மனப்பாடம் செய்துவிட்டு வந்தவர், நீங்கள் சென்ற ஒரு சந்தையை விவரியுங்கள் என்ற அட்டையைப் பார்த்ததும், ‘பொள்ளாச்சிச் சந்தையில் கரும்பு விற்கும், கரும்பு பொங்கலுக்கு வேண்டும், பொங்கல் என்பது…’ என்று திரும்பிவிடுவார். ஒப்பிக்கும் குரலைத் தேர்வாளர்கள் எளிதில் அடையாளம் கண்டுகொள்வார்கள். பதிலை மனப்பாடம் செய்வதற்குப் பதிலாக, அட்டையைக் கண்டதும் யார், எங்கே, எப்போது, ஏன் என்று நான்கு சொற்களை எழுதிக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் அரை நிமிடம் பேசுங்கள். செல்பேசியில் பதிவு செய்து மறுநாள் கேளுங்கள். அன்றே கேட்டால் நம் தவறு நமக்கே சரியாகத்தான் படும்.

கேள்வி புரியவில்லையென்றால் ‘ஏனுங்?’ என்று கேட்டுவிடாமல், ‘குட் யூ ரிப்பீட் தட், ப்ளீஸ்?’ என்று கேளுங்கள். நம் ‘ங்க’ ஆங்கிலத்திலும் ஒட்டிக்கொள்ளத் தவிக்கும் ஒன்று. ‘எஸ்ங்க’, ‘நோங்க’ என்ற விடைகளை நான் பலமுறை கேட்டிருக்கிறேன், கேட்க இனிமையாகவே இருக்கின்றன. அதை அடக்கியவர்கள், ஈடுகட்டுவதற்காக வாக்கியத்துக்கு ஒரு ‘சார்’ சேர்க்கிறார்கள். உள்ளே நுழையும்போது ஒரு வணக்கம், எழும்போது ஒரு நன்றி, அவ்வளவு மரியாதை போதும்.

நேரம் முடிந்ததும் தேர்வாளர் பேச்சை இடையில் நிறுத்துவார். அது தண்டனை அன்று. எல்லோருக்கும் அதே கடிகாரம்தான். தேர்வு முடிந்தது என்று அவர் சொன்னவுடன், எழுந்து கைகூப்பி, ‘ஐ வில் கோ அண்ட் கம் சார்’ என்று விடைபெற்ற மாணவர்களும் உண்டு. ‘போகிறேன்’ என்று மட்டும் சொல்ல நம் வாய் கூசும் அல்லவா? பாவம், இவர் எப்போது திரும்பி வருவார் என்று அந்தத் தேர்வாளர் சற்று நேரம் கதவைப் பார்த்திருக்கலாம். அதற்குள் ஒலிப்பதிவு நின்றுவிட்டிருக்கும், மதிப்பெண் குறையாது. இந்த ஒரு தவறை நான் யாருக்கும் திருத்துவதில்லை.