நம் பிராணிகளைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு நன்றி சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாம் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் நாயை வெளியே நடத்திச் செல்பவரும், வெளியூர் போயிருக்கும் நாட்களில் வீட்டுக்கு வந்து பிராணிகளுக்கு உணவும் மருந்தும் கொடுத்துப் பார்த்துக்கொள்பவரும் நம் வீட்டுச் சாவியையே கையில் வைத்திருப்பவர்கள். அவர்களுக்கு நன்றி காட்ட வேண்டும் என்ற எண்ணம் பெரும்பாலோருக்கு இருக்கிறது. காட்டும் விதத்தில்தான் தவறுகிறோம்.

மிகப் பரவலான தவறு, பாராட்டு என்று நினைத்துக்கொண்டு அவர்களுடைய உழைப்பையே மறைத்துவிடுவது. “உங்களுக்குத்தான் நாய் என்றால் உயிராயிற்றே, இது உங்களுக்கு ஒரு வேலையா!” என்று அன்போடுதான் சொல்கிறோம். ஆனால் கொட்டும் மழையில் கழிவை அள்ளுவதும், எதிரே இன்னொரு நாய் வருவதைத் தொலைவிலேயே கண்டு வழியை மாற்றிக்கொள்வதும், மருந்தைக் கண்டாலே ஓடி ஒளியும் பூனைக்கு வேளை தவறாமல் மாத்திரை கொடுப்பதும் பிரியம் மட்டுமே இருந்தால் வந்துவிடும் காரியங்கள் அல்ல. அவை பழகிப் பழகிக் கற்ற திறமை. ஆகவே பொதுவாக “ரொம்ப நன்றி” என்று முடித்துவிடாமல், “முன்னங்காலைத் தாங்கித் தாங்கி நடக்கிறது என்று நீங்கள் கவனித்துச் சொன்னதால்தான் உடனே மருத்துவரிடம் காட்ட முடிந்தது” என்பதுபோல் அவர் செய்ததைக் குறிப்பிட்டுச் சொல்லுங்கள். தான் கவனித்ததை இன்னொருவரும் கவனித்திருக்கிறார் என்பது அவருக்கு அப்போதுதான் தெரியும்.

அடுத்தது, கூலிக்குப் பதிலாக அன்பளிப்பைக் கொடுப்பது. சம்பளத்தை வாரக்கணக்கில் தள்ளிப்போட்டுவிட்டு ஒரு பரிசுப் பெட்டியோடு போய் நிற்பது நன்றியாகாது. அரை மணி நேர நடைக்குப் பேசிவிட்டு, “இன்னும் கொஞ்ச நேரம் விளையாட விடுங்கள்” என்று நாள்தோறும் நீட்டுவதும், அவர் கிளம்பி வந்து கதவருகில் நிற்கும்போது இன்று வேண்டாம் என்று சொல்லி அந்த நேரத்துக்குரிய பணத்தைக் கொடுக்காமல் விடுவதும் இதே வகைதான், ஏனென்றால் அந்த நேரத்தை நமக்காக ஒதுக்குவதற்கு அவர் வேறொரு வீட்டை மறுத்திருக்கக்கூடும். செயலி வழியாகவோ நிறுவனம் வழியாகவோ வருபவராக இருந்தால் நாம் செலுத்தும் தொகையில் ஒரு பங்கு தரகாகப் போய்விடலாம்; தனியாகக் கொடுக்கும் பணம் முழுமையாக அவர் கைக்குச் சேருமா, அன்பளிப்பை வாங்கிக்கொள்ள அவருக்கு அனுமதி உண்டா என்று அவரிடமே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

பண்டிகை நாட்களை மறந்துவிடுவதும் உண்டு. பெட் சிட்டர்ஸ் இன்டர்நேஷனல் என்ற அமைப்பு 1995 முதல் மார்ச் மாதத்தின் முதல் முழு வாரத்தை இத்தொழிலில் இருப்பவர்களுக்கான வாரமாகக் கொண்டாடி வருகிறது. அந்த வாரத்தில் வாழ்த்துச் சொல்வது நல்லதுதான். ஆனால் ஊரே விடுமுறையில் இருக்கும்போதுதான் இவர்களுக்கு வேலை அதிகம் என்பதையும், நாம் நம் குடும்பத்தோடு இருப்பதற்காக அவர் தம் குடும்பத்தை விட்டுவிட்டு நம் வீட்டுக்கு வருகிறார் என்பதையும் நினைத்து, அந்த நாட்களுக்குக் கூடுதல் ஊதியத்தை அவர் கேட்கும் முன்பே நாமாகப் பேசிவிடுவதையே நான் பெரிதாக மதிப்பேன்.

பரிசுப் பொருளில் நேரும் தவறு உயிருக்கே ஆபத்தாகலாம். இந்த வேலையைச் செய்பவர்களில் பலர் தங்கள் வீட்டிலும் பிராணி வளர்ப்பவர்கள் என்பதை மறந்து, லில்லி மலர் உள்ள பூச்செண்டைக் கொடுக்கிறோம். அதன் இதழ், இலை, மகரந்தம், அது நின்ற தண்ணீர் என எதில் சிறிதளவு உட்சென்றாலும் பூனையின் சிறுநீரகம் செயலிழக்கக்கூடும். சாக்லேட்டில் உள்ள தியோபுரோமினை நாயின் உடல் மிக மெதுவாகவே சிதைக்கும் என்பதால் அது நஞ்சாகத் தங்குகிறது; உலர் திராட்சை நாயின் சிறுநீரகத்தைப் பாதிக்கும்; சர்க்கரையில்லா இனிப்புகளில் சேர்க்கப்படும் சைலிட்டால் நாயின் ரத்தச் சர்க்கரையைச் சட்டென்று வீழ்த்திவிடும். மழைக்கோட்டு, நல்ல காலணி, கைவிளக்கு என்று அவர் தினமும் பயன்படுத்தக்கூடிய ஒன்றையோ, அல்லது பணத்தையோ கொடுப்பதில் இந்தக் கவலை எதுவும் இல்லை.

மனமாரப் பாராட்டுபவர்கள்கூட ஒன்றைக் கவனிக்காமல் விடுகிறார்கள். நாய் முன்பு ஒருவரைக் கடித்திருப்பதையோ, சாப்பிடும்போது அருகில் போனால் உறுமும் என்பதையோ, கழுத்துப்பட்டையிலிருந்து தலையை உருவிக்கொண்டு ஓடும் பழக்கம் உண்டு என்பதையோ, வேலைக்கு வர மறுத்துவிடுவாரோ என்ற அச்சத்தில் மறைப்பது எந்தப் பரிசாலும் ஈடுசெய்ய முடியாத அவமதிப்பு. வீட்டுக்குள் கேமரா இருப்பதைச் சொல்லாமல் விடுவதும் அப்படியே. நன்றி தெரிவித்துப் பொதுவெளியில் எழுதும்போது அவருடைய முகத்தையும் பெயரையும் அனுமதியின்றி வெளியிடாதீர்கள். நாம் ஊரில் இல்லாதபோது அவர் நம் வீட்டில் தனியாக இருக்கிறார் என்று ஊருக்கே அறிவிப்பது அவருக்குப் பாதுகாப்பும் அல்ல.

கடைசியாக ஒன்று, பேசவே தயங்கும் விஷயம் என்பதால் பலரும் தவறவிடுவது. நான்கைந்து ஆண்டுகளாக அவர் நடத்திச் சென்ற நாய் முதுமையிலோ நோயிலோ இறந்துபோகிறது. துக்கத்தில் இருக்கும் நாம் “இனி வர வேண்டாம்” என்று ஒரு வரி அனுப்பிவிட்டு நிறுத்திக்கொள்கிறோம். அந்த நாயின் நடையையும் பயத்தையும் பிடிவாதத்தையும் நம்மளவுக்கு அறிந்த இன்னொரு மனிதர் அவர். நோய் முற்றும்போதே அவரிடம் சொல்லுங்கள், விரும்பினால் ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போகட்டும். அதன் பிறகு, அவர் எப்போதோ நமக்கு அனுப்பிய நடைப்பயிற்சிப் படங்களில் ஒன்றை அச்சிட்டு, பின்புறம் அந்த நாயின் பெயரை எழுதி அவரிடம் கொடுங்கள்.