கிரியேட்டினின் இறங்கியதா, சிறுநீரகம் தேறியதா?

சிறுநீரக அழற்சி பற்றிய ஆய்வுக் கட்டுரை கைக்கு வந்தால் நான் முதலில் தேடுவது கிரியேட்டினின் அளவை. முதலில் சந்தேகப்படுவதும் அதைத்தான். அது தசையில் உண்டாகும் கழிவு; சிறுநீரகம்தான் அதை ரத்தத்திலிருந்து வடிகட்டி வெளியேற்றும், பழுதானால் ரத்தத்தில் அளவு ஏறும். மருந்து கொடுத்த எலி மெலிந்து தசை கரைந்தாலும் அளவு இறங்கிவிடும். ஆகவே எலியின் எடையைச் சொல்லாத கட்டுரையை அப்படியே நம்ப வேண்டாம்.

எண்ணை நம்பிக் கெட்டதற்குப் பெரிய சாட்சி பார்டாக்சலோன். செல்லுக்குள் என்ஆர்எஃப்2 என்ற புரதத்தைத் தூண்டி அழற்சியைத் தணிப்பதாக வந்த மருந்து. 2011இல் வெளியான ஆய்வில், சர்க்கரை நோயோடு சிறுநீரகமும் பழுதானவர்களுக்குக் கிரியேட்டினினை வைத்துக் கணக்கிடும் வடிகட்டல் வேகம், அதாவது சிறுநீரகம் ரத்தத்தை வடிகட்டும் வேகம், நன்றாகவே ஏறியது. அடுத்து 2,185 பேரிடம் நடந்த பீக்கன் ஆய்வை 2012 அக்டோபரில் பாதியிலேயே நிறுத்தினார்கள். மருந்து எடுத்தவர்களுக்கு இதயச் செயலிழப்பு கூடியிருந்தது. வடிகட்டல் வேகம் அப்போதும் ஏறித்தான் இருந்தது. சிறுநீரகப் பழுதின் அடையாளமாகச் சிறுநீரில் கசியும் ஆல்புமின் என்ற புரதமும் சேர்ந்து ஏறியது. சிறுநீரகம் முற்றிலும் செயலிழப்பதோ இதய நோயால் இறப்பதோ குறையவில்லை.

எலியின் ஒரு பக்கச் சிறுநீர்க்குழாயைக் கட்டிவிட்டால் ஓரிரு வாரத்தில் அந்தச் சிறுநீரகம் அழற்சியாகித் தழும்பேறிவிடும். நோயை எலியில் உண்டாக்கிப் பார்க்க எளிதான மாதிரி, அதனால்தான் எல்லோரும் இதைக் கையாள்கிறார்கள். ஆனால் மறுபக்கச் சிறுநீரகம் சும்மா இருக்குமா? இரண்டு பேர் வேலையையும் அதுவே பார்த்துக்கொள்ளும். இங்கே ரத்தக் கிரியேட்டினினை அளந்து 'மருந்து சிறுநீரகத்தைக் காத்தது' என்று எழுதினால், கட்டாத சிறுநீரகத்துக்குப் பாராட்டுப் பத்திரம் வாசித்த கதைதான். தழும்பைத் திசுவிலேயே பார்க்க வேண்டும்.

செல் வளர்ப்பில் வேறு வம்பு. சர்க்கரை நோயைக் காட்ட லிட்டருக்கு 30 மில்லிமோல் குளுக்கோஸ் ஊற்றுவது வழக்கம். நம் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் கணக்கில் அது டெசிலிட்டருக்கு 540 மில்லிகிராம்! அவ்வளவு செறிவான கரைசலில் செல் தண்ணீர் இழந்து சுருங்கியே அழற்சி மூலக்கூறுகளைச் சுரக்கலாம். அதே செறிவுக்கு, குளுக்கோஸ் அல்லாத மேனிட்டால் என்ற பொருளை ஊற்றிய இன்னொரு கிண்ணம் பக்கத்தில் இல்லாவிட்டால், குற்றவாளி சர்க்கரையா செறிவா என்று தெரியாது.

செல் வளர்க்கும் ஒரே தட்டின் மூன்று குழிகளை மூன்று சோதனைகளாக எண்ணுவதும் சகஜம். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம், சரி. அடுத்த பானைக்கு?

கடைசியாக, அழற்சி என்றாலே அணைக்க வேண்டிய நெருப்பு என்ற எண்ணம். ரத்த ஓட்டம் தடைப்பட்டு அடிபட்ட சிறுநீரகத்தில் முதல் ஓரிரு நாட்களில் மேக்ரோஃபேஜ் என்ற நோய் எதிர்ப்புச் செல்களை நீக்கினால் சேதம் குறைகிறது. சில நாள் கழித்து நீக்கினால் ஆறுவதே தாமதமாகிறது. தொடக்கத்தில் கெடுத்த அதே வகைச் செல்கள்தான் பிறகு பழுது பார்க்கின்றன. ஆகவே மருந்தை எந்த நாளில் கொடுத்தார்கள் என்பதைச் செய்முறைப் பகுதியில் தேடிப் பாருங்கள். பல கட்டுரைகளில் காயப்படுத்துவதற்கு முன்பே கொடுத்திருப்பார்கள். நோயாளி அப்படி முன்கூட்டியே வருவதில்லை.